வலை இல்லாத பருவம்

அந்தக் குளிர்காலத்தில் கம்பங்கள் மட்டும்தான்.
இரண்டு இரும்புக் குழாய்கள், நடுவே ஆறடி வெறுமை,
பின்னால் பனித்தளத்தின் மேல் நான்:
கறுப்புக் கம்பளிக் கோட்டு, காது மூடிய தொப்பி,
பையில் ஒரு வெள்ளைக் கைக்குட்டை.
ரப்பர் தட்டு உள்ளே புகுந்தால் அதை உயர்த்த வேண்டும்.
புகாவிட்டால் சும்மா நிற்க வேண்டும்.
சும்மா நிற்பதுதான் கடினம்.

நான்கு ஊர்கள், ஒரு லீக், அணிக்கு ஆறு ஆட்டம்.
ரயில்வே விடுதி மாடியில் சுருட்டுப் புகைக்குள்
விதிகளை எழுதினோம்.
யாரும் காசு வாங்கக் கூடாது.
கோல் காப்பவன் மண்டியிடக் கூடாது.
"வழுக்கி விழுந்தால்?" என்றார் தபால்காரர் லூமிஸ்.
ஒரு மணி நேரம் பேசி
"வேண்டுமென்றே" என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டு
இறைச்சிப் பணியாரம் சாப்பிடப் போனோம்.

ஜனவரி மூன்றாம் வாரம் மழை.
தகரக் கூரை சொட்டி, தளத்தில் கணுக்கால் நீர்.
கேரிக் மில்ஸ் அணி இருபத்திரண்டு மைல்
குதிரைச் சறுக்குவண்டியில் வந்திருந்தது.
வந்தவர்களைத் திருப்பி அனுப்ப மனமில்லை, ஆடினோம்.
தட்டு நகரவில்லை, நீந்தியது.
ஒருவருக்கும் கோல் இல்லை,
பதினான்கு பேருக்கும் ஜலதோஷம்.

பிப்ரவரியில் மெடெரிக் ஷார்ல்புவா மீது புகார்.
மர ஆலைக்காரன், இடக்கையில் இரண்டு விரல் இல்லை,
ஆனாலும் அவனைப்போல் மட்டை பிடிப்பார் இல்லை.
ஆட்டத்துக்காக விட்ட அரைநாள் கூலியை
முதலாளி அவனுக்குக் கொடுத்துவிட்டாராம்: எழுபது சென்ட்.
செயற்குழு கூடியது.
அவன் உள்ளே வந்தான், தொப்பியைக் கழற்றாமல்
எழுபது செப்புக் காசுகளை
ஒவ்வொன்றாக மேசைமேல் அடுக்கினான்.
எண்ணி முடிக்கும்வரை யாரும் இருமக்கூட இல்லை.
இரண்டு ஆட்டத் தடை.
காசுகள் பெட்டிக்குப் போயின, மண்ணெண்ணெய் வாங்க.

அந்த மண்ணெண்ணெயில்தான் கடைசி ஆட்டம் எரிந்தது.
இருபது விளக்கு; என் தலைக்கு மேலிருந்தது மட்டும்
இரண்டாம் பாதியில் அணைந்துவிட்டது.
இரண்டுக்கு இரண்டு. கேரிக் மில்ஸ் மறுபடியும்.
கடிகாரத்தைப் பார்த்தபடி மணியின் கயிற்றைப் பிடித்திருந்தார் பாதிரியார்.
எங்கள் விண்டம் டக் வளைந்து வந்து அடித்தான்.
பனித்தூள் எழும்பி என் கண்ணை மறைத்தது.
கம்பத்தில் பட்டால் ஓசை கணீரென்று வரும்.
வந்தது பலகையில் பட்ட மொத்தென்ற ஓசை.
உள்ளே போய்ப் பட்டதா, வெளியே போய்ப் பட்டதா,
பலகைக்கு என்ன தெரியும்.

கூச்சல் முதலில் எழுந்தது.
என் கை அதன் பின்னால் எழுந்தது.

கோல் காத்த ஆரின் ஹாஸ்க் என்னைப் பார்த்தான்.
வாதாடவில்லை.
சாட்சிக்காரன் காலில் விழுகிற வழக்கம்
அவனுக்கு இல்லை போலும்.

வெள்ளிப் பூச்சுக் கூஜா எங்களுக்கு வந்தது,
அதில் ஊரின் பெயர் ஓர் எழுத்துப் பிழையோடு.
மறுநாள் விடியற்காலை சாவி வாங்கிக்கொண்டு போய்
பின்பலகையில் அந்த அடியைத் தேடினேன்.
பருவம் முழுதும் பட்ட கறுப்புத் தழும்புகள்,
நூறு இருக்கும். எல்லாம் ஒரே நிறம்.
என் மனைவி கேட்டாள், எங்கே போயிருந்தாய் என்று.
கைக்குட்டையைத் தொலைத்துவிட்டேன் என்றேன்.
அது என் பையில்தான் இருந்தது.

அடுத்த டிசம்பரில் வலை வந்தது.
ஏரி மீனவர்களிடம் வாங்கிய ஹெர்ரிங் வலை,
செதில் வாடைகூடப் போகவில்லை.
தட்டு உள்ளே போனால் அகப்பட்டுத் துள்ளுகிறது,
குருடனும் கோல் என்பான்.
யாரும் என் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை.

முதல் ஆட்டத்துக்கு ஹாஸ்க் வந்தான்.
பின்னோக்கிச் சறுக்கி வந்து
மட்டை நுனியால் வலையை ஒருமுறை தட்டினான்.
"போன வருடம் இது" என்று ஆரம்பித்தான்.
மணி அடித்தது.
என் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு
கம்பங்களுக்கு நடுவே போய் நின்றான்,
மண்டியிடாமல்.